ஒட்டும் ஆக்சிலேட்டருக்கு எண்ணெய் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிறு வாகனங்களைப் பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில், ‘ஆக்சிலேட்டர் பெடல் ஒட்டிக்கொண்டால் கேபிளில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் மாட்டுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. பட்டறைகளில் அன்றாடம் காதில் விழும் யோசனைதான். செய்தால் பெடல் அன்றைக்கு லேசாகவும் ஆகிவிடும். ஆனால் இரண்டும் காய்ச்சலை அமுக்கும் மாத்திரை போலத்தான். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பெடல் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு டார்ச் விளக்கும் போதும். அதைப் பார்க்காமல் எண்ணெய் விடுகிறவர் பழுதை மூடி வைக்கிறார். மூடி வைத்த பழுது பெரும்பாலும் முன்னால் போகும் வண்டியை முந்துவதற்காகப் பெடலை முழுக்க மிதிக்கும்போதுதான் வெளியே வரும். ஏன் அந்த நேரத்தில் என்பதற்கும் காரணம் உண்டு, கீழே வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் கேபிள் இழுத்து இயங்கும் ஆக்சிலேட்டருக்கு மட்டும். பெடலிலிருந்து மின்சைகை மட்டும் என்ஜினுக்குப் போகும் புதிய வாகனங்களில் பெடலைப் பிரித்து எண்ணெய் விடுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. முழு யூனிட்டாக மாற்ற வேண்டியதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் மேலே வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜின் அலறும், அலறட்டும்; சக்கரத்துக்கு இனி அதன் இழுவை போகாது. பிரேக்கை ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் வண்டிகளில் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிட இழுவையால். அந்தக் காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத்தகடான பட்டர்ஃப்ளை முழுக்கத் திறந்திருக்கும்போது அந்த இழுவை இருக்காது. பூஸ்டரில் சேர்ந்திருப்பது இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். வண்டி நியூட்ரலில் வந்து வேகம் குறைந்ததும் சாவியை ஒரே ஒரு நிலை பின்னால் திருப்பி என்ஜினை நிறுத்தலாம். சாவியை உருவவே கூடாது, உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். குனிந்து கையால் பெடலைத் தூக்கிவிட முயல்வதும் வேண்டாம். கண் சாலையை விட்டு விலகிவிடும். பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டாப் குமிழை இழுக்க வேண்டும். அந்தக் குமிழும் ஒரு கேபிள்தான், அதுவும் துருப்பிடித்து இறுகும். எனவே அதையும் அவ்வப்போது இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனிப் பழுதைத் தேடலாம். ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் காலடியில் இருக்கும் பாயை வெளியே எடுத்துப் போடுங்கள். பழைய பாயின் மேலேயே புதுப் பாயைப் போட்டிருப்பார்கள். இரண்டும் முன்னால் நகர்ந்து ஏறி, பெடலின் கீழ் விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கும். சிரிக்க வேண்டாம். டொயோட்டா நிறுவனம் 2009 செப்டம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 38 லட்சம் வாகனங்களுக்குத் திரும்ப அழைப்பு விட்டது இந்தப் பாய் விஷயத்துக்காகத்தான். 2010 ஜனவரியில் இன்னொரு 23 லட்சம் வாகனங்களுக்கு அழைப்பு விட்டது. அது பெடல் யூனிட்டின் உள்ளே இருந்த உராய்வுப் பகுதி தேய்ந்து ஒட்டியதற்காக. பெடல் மேலே வரவில்லை என்ற ஒரே புகாருக்கு இரண்டு வேறு காரணங்கள். நம் பழைய வண்டியிலும் கதை அப்படித்தான்.

பாயை எடுத்த பிறகும் ஒட்டினால் பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: என்ஜின் பக்கத்துப் பட்டர்ஃப்ளை, நடுவில் ஓடும் கேபிள், காலடியில் இருக்கும் பெடலின் கீல். மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி கேபிளைக் கழற்றுவது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். பட்டர்ஃப்ளை இருக்கும் பாகமான கார்புரேட்டரிலோ (இன்ஜெக்ஷன் வண்டியானால் த்ராட்டில் பாடியிலோ) கேபிள் வந்து சேரும் இடத்தில் அரைவட்டமான ஒரு லீவர் இருக்கும். அதைக் கையால் திறந்து பிடித்தால் கேபிள் தொய்யும். தொய்ந்த கேபிளின் நுனியில் நிப்பிள் என்ற சிறு உலோகக் குமிழ் இருக்கும், அதைக் குழியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தினால் வெளியே வந்துவிடும். கேபிளின் தொய்வை நிலைநிறுத்தும் லாக் நட்டைத் தொட வேண்டியதே இல்லை. தொட்டே ஆக வேண்டுமென்றால், அது நின்ற இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சை வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது லீவரை மட்டும் விரலால் திருப்பிப் பாருங்கள். முழுத் திறப்பு வரை வழவழவென்று போக வேண்டும், விட்டவுடன் ‘டக்’ என்று திரும்பி, லீவரைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் ஸ்குரூவில் முட்ட வேண்டும். அந்த ஓசைதான் சோதனை. அடுத்து, லீவரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் திறந்து, ஸ்பிரிங்கைத் தாங்கிப் பிடித்தபடி மெதுவாக விடுங்கள். முழுக்கத் திறந்து விடும்போது ஸ்பிரிங்கின் வேகம் சின்னச் சின்ன தடங்கலை மீறிப் போய்விடும். மெதுவாக விடும்போது கடைசி மில்லிமீட்டரில் லீவர் தயங்கி நின்றால் பிசுக்கு அங்கேதான். லீவர் சரியாக இருந்தால் பெடலுக்கு வாருங்கள். கேபிளின் என்ஜின் பக்க நுனியை ஒருவர் விரலால் லேசாக இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பெடலைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் பெடலுக்கென்று தனி ஸ்பிரிங் கிடையாது. கேபிளைக் கழற்றியதும் பெடல் தொங்கிப் போனால் பயப்பட வேண்டாம். இங்கே கரகரப்பு தெரிந்தால் பெடல் பக்கத்திலும் நிப்பிளைக் கழற்றி, கேபிளைத் தனியாக இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், பெடலைத் தனியாக ஆட்டிப் பாருங்கள். எது தடுக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். இவ்வளவுதான் அந்தப் பத்து நிமிட வேலை.

அதிகம் மாட்டுவது பட்டர்ஃப்ளைதான். அதன் அடையாளமும் தெளிவானது: நின்ற நிலையிலிருந்து முதல் மிதி மட்டும் கெட்டியாக இருக்கும், பிறகு பட்டென்று விட்டு வண்டி துள்ளும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இது உயிரை வாங்கும். துள்ளலைச் சமாளிக்க ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக மிதித்தே ஓட்டுவார், கொஞ்ச காலத்தில் கிளட்ச் பிளேட்டும் தேய்ந்து நிற்கும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் காரணம் கண்ணில் படும். துளையின் சுவரில், வட்டத்தகடு மூடி நிற்கும் கோட்டை ஒட்டி, பழுப்பும் கறுப்புமாக ஒரு வளையம் படிந்திருக்கும். நகத்தை ஓட்டினால் சின்னப் படிக்கட்டு போலத் தட்டும். என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து உறிஞ்சப்படும் எண்ணெய்ப் புகையும், உள்ளே நுழைந்த தூசியும், பெட்ரோலின் கசடும் சேர்ந்து காய்ந்த பிசின் அது. தகட்டின் விளிம்பு ஆப்பு அடித்த மாதிரி அதில் போய்ச் செருகிக்கொள்ளும். என்ஜின் சூடாக இருக்கும்போது பிசின் இளகியிருக்கும். ஆறி இறுகிய காலையில்தான் முதல் மிதி கெட்டிப்படும்.

சுத்தம் செய்யத் தேவையானவை ஒரு புட்டி கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, பழைய டூத் பிரஷ், நூல் பிரியாத துணி, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. அவ்வளவே. நிழலான, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்ப்ரேயை நேரே உள்ளே பீய்ச்சாமல் துணியிலும் பிரஷிலும் அடித்துத் துடைப்பது நல்லது. நேரே அடித்தால் கரைந்த கசடெல்லாம் என்ஜினுக்குள் போகும். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் சென்சார்களும் நனையும். லீவரைத் திறந்து பிடித்து, தகட்டின் இரண்டு முகங்களையும் விளிம்பையும், பிறகு துளைச் சுவரில் இருக்கும் அந்த வளையத்தையும் துடையுங்கள். தகட்டைத் தாங்கும் தண்டு சுவருக்குள் நுழையும் இரண்டு முனைகளிலும் பிரஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். பாதிப் பிசுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். கத்தி, ஸ்குரூ டிரைவர், எமரி தாள் எதையும் உள்ளே விடாதீர்கள். அலுமினியத்தில் விழும் கீறல் வழியே காற்று கசியும், ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிலைக்காது. சில த்ராட்டில் பாடிகளில் விளிம்பைச் சுற்றி தொழிற்சாலையிலேயே பூசிய கருஞ்சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். அழுக்கென்று நினைத்து அதைச் சுரண்டி எடுத்தவர்களுக்கு அதன் பிறகு ஐடிலிங் சரிவந்ததே இல்லை.

தகட்டைத் தண்டில் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்களைக் கழற்றவே கழற்றாதீர்கள். அவற்றின் நுனி, தானாகக் கழன்று என்ஜினுக்குள் விழாமலிருக்க, நசுக்கி வைக்கப்பட்டிருக்கும். கழற்றி மாட்டினால் நுனியின் பிடிப்பும் போகும், தகடும் மயிரிழை விலகி உட்கார்ந்து சுவரில் உரசும். ஒட்டுவதைச் சரிசெய்யப் போய் நிரந்தரமாக ஒட்டவைத்ததாகிவிடும். ஸ்டாப் ஸ்குரூவையும் ஐடிலிங்கை ஏற்றுவதற்காகத் திருப்பக் கூடாது. தகடு சுவரில் போய்ச் செருகாமல் தாங்கி நிற்பதே அந்த ஸ்குரூவின் வேலை. முன்பு யாரோ அதைத் தளர்த்தியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் முதல் மிதி ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். சுத்தம் செய்த பிறகு முதல் முறை ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரமாகும், வாடையும் புகையும் வரும், தவறில்லை. ஐடிலிங் ஏறினால், முன்பு அடைப்புக்கு ஏற்ப ஐடில் ஸ்குரூவை (இது ஸ்டாப் ஸ்குரூ அல்ல, ஐடிலிங்குக்கென்று தனியாக இருப்பது) திருகி வைத்திருந்தார்கள் என்று பொருள், அதை மட்டும் பழையபடி இறக்கிக்கொள்ளலாம். சில மாதத்திலேயே பிசுக்கு மறுபடி சேர்ந்தால், என்ஜினின் மூச்சுக் குழாய் வால்வு அடைபட்டிருக்கிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய்ப் புகை அதிகமாக வருகிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியில் விரிசலா என்று பார்க்க வேண்டும்.

முந்தும் நேரத்தில் ஏன் மாட்டுகிறது என்று சொல்வதாகச் சொன்னேன். பல பழைய கார்புரேட்டர்களில் இரண்டு துளைகள் உண்டு. முதல் துளை எப்போதும் வேலை செய்யும், இரண்டாவது துளை பெடலைப் பாதிக்கு மேல் மிதித்தால்தான் திறக்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் இரண்டாவது மாதக்கணக்கில் திறப்பதே இல்லை. பிசினும் துருவும் அதன் தண்டில் நிம்மதியாகக் குடியேறும். என்றைக்கோ ஒருநாள் நெடுஞ்சாலையில் முழுக்க மிதிக்கிறார்கள். காலின் வலுவுக்கு அது திறந்துவிடும், ஸ்பிரிங்கின் வலுவுக்குத் திரும்பி மூடாது. கால் எடுத்த பிறகும் என்ஜின் ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கும். கேபிளுக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இதற்குப் பயனில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் நின்றிருக்கும்போது இரண்டாவது தகட்டையும் விரலால் திறந்து விட்டு, தானே மூடுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. அது வெற்றிட இழுவையால் திறக்கும் வகையாக இருந்தால் அதை இழுக்கும் ரப்பர் சவ்வின் (டயாஃப்ரம்) தண்டைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரை அண்மையில் கழற்றி மாட்டிய வண்டியில் ஒட்டல் தொடங்கினால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். அடியில் கசிவைத் தடுக்க வைத்த கேஸ்கட் தாள் அளவு பொருந்தாமல் அதன் உள்விளிம்பு துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், திறந்த தகடு அதில் சிக்கும். அடி நட்டுகளை ஒரே பக்கமாக மூச்சுப் பிடித்து இறுக்கியிருந்தால் அடித்தட்டு வளைந்து தண்டு இறுகியிருக்கும். இரண்டையும் தளர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது கேபிள். வெளியே சுருள் கம்பியால் ஆன அவுட்டர், உள்ளே முறுக்கிய இழைகளால் ஆன இன்னர். எர்னஸ்ட் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடுதான், இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை. பெடல் நடுவழியில் ஓரிடத்தில் நின்று, மறுபடி தட்டினால் மட்டும் மேலே வருகிறதென்றால் இன்னரின் இழை ஒன்று அறுந்திருக்கிறது. கேபிளின் நுனிகளில், அவுட்டரின் வாய்க்குள் நுழையும் அந்த இரண்டு அங்குலத்தைத் துணியால் பிடித்து மெதுவாக உருவுங்கள், வெறும் விரலால் வேண்டாம். அறுந்த இழை பிசிறாக எழுந்து துணியில் கொக்கி போடும். மிதிக்கும்போது அந்தப் பிசிறு படிந்துகொண்டு வெளியே வந்துவிடும். கால் எடுத்ததும் திரும்ப நுழைய வேண்டிய நேரத்தில் முள்ளாக விரிந்து வாயில் குத்தி நிற்கும். நெல் கதிரின் கூர் ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் குத்துவதைப் போல. ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும். பிசிறை வெட்டிவிட்டு ஓட்டுவதும் ஈயம் வைத்து ஒட்டுவதும் கூடாது. ஒன்று அறுந்தால் மற்றவற்றின் மேல் பாரம் கூடும், அடுத்தடுத்து அவையும் போகும்.

பிசிறு இல்லை, ஆனால் கேபிள் முழு நீளத்திலும் கெட்டியாக இருக்கிறது என்றால் உள்ளே தண்ணீரும் மண்ணும். பின்னால் என்ஜின் வைத்த வண்டிகளில் கேபிள் தரையடியில் நெடுந்தூரம் ஓடுவதால் இது அதிகம். நுனியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் விடலாமா கூடாதா என்பதை அவுட்டரின் வாயைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உள்ளே வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் குழாய் தெரிந்தால் அது உள்ளுறை வைத்த கேபிள். அதற்கு எண்ணெயோ கிரீஸோ தேவையில்லை. விட்டால் தூசியைப் பிடித்து அரைத்த மாவாக்கும். அப்படியே போட வேண்டுமானால் உலர்ந்த சிலிகான் ஸ்ப்ரே ஒரு அடி, அவ்வளவுதான். உள்ளுறை இல்லாத பழைய வகைக்கு மட்டும் எண்ணெய் சரி. கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல் நுனியில் பாலிதீன் பையின் மூலையை வெட்டிப் புனல் போலக் கட்டி, ஒரு தேக்கரண்டி லேசான என்ஜின் ஆயிலை ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். இடையிடையே இன்னரை மேலும் கீழும் இழுத்தால் கீழ் நுனியில் சொட்டத் தொடங்கும். சொட்டுவது தேன் நிறமாக இருந்தால் கேபிளைத் திரும்பப் போடலாம். செங்கல் நிறமாக இருந்தால் உள்ளே துரு, கேபிள் முடிந்தது. துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து உடனே மாட்டுவது பலருடைய வழக்கம். அதில் பெரும்பகுதி கரைப்பான், துருவை இளக்கி, இருந்த வழவழப்பையும் கழுவிவிட்டு ஆவியாகிப் போய்விடும்.

புதுக் கேபிள் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அவுட்டரின் நீளம் ஒன்று, இன்னர் வெளியே நீட்டி நிற்கும் நீளம் இன்னொன்று. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். நிப்பிளின் வடிவமும் (உருளையா, உருண்டையா) அதன் குழியில் உட்கார வேண்டும். ஸ்குரூ வைத்து இறுக்கும் தற்காலிக நிப்பிள் வீடு வந்து சேர்வதற்கு மட்டும். பழைய கேபிளை உருவும் முன்னால் அது போகும் வழியைக் கைபேசியில் படமெடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. புதியதைக் கூரான வளைவில்லாமல், சைலன்சருக்குப் போகும் சூடான குழாயைத் தொடாமல், அதே கிளிப்புகளில் போட வேண்டும். என்ஜினுக்கும் காலடிக்கும் நடுவே இருக்கும் தகட்டில் அவுட்டரின் தொப்பி ரப்பர் வளையத்துக்குள் முழுக்க உட்கார்ந்ததா என்று உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் பாருங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் மிதிக்கும்போது அவுட்டரே நகரும்.

கேபிள் அடிக்கடி போகிறதா? கேபிளைக் குறை சொல்லாதீர்கள், என்ஜினின் எர்த் வயரைப் பாருங்கள். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்தத் தடித்த பின்னல் பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய மின்னோட்டம் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிடைக்கும் உலோக வழி ஆக்சிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும்தான். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கேபிள் சூடேறி உள்ளுறை உருகி இன்னரோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் உலோகத்திலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போட வேண்டாம். என்ஜின் மவுன்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே போல வேறிடத்துப் பழுது கேபிளில் தெரியும்: கியரில் கிளப்பும்போது என்ஜின் சாய்ந்து கேபிளைத் தானே இழுக்கும், கால் வைக்காமலே வேகம் ஏறும்.

பெடலின் கீலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலேயிருந்து தொங்கும் வகையில் கிளிப்பைக் கழற்றிப் பின்னை உருவி, துருவை நைசான எமரி தாளால் தேய்த்து, நைலான் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, பட்டாணி அளவு லித்தியம் கிரீஸ் வைத்து மாட்டினால் முடிந்தது. தரையில் பதிந்த வகையில் அடிக்கீலில் மண் கெட்டித்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே கிரீஸ்.

இனி ஸ்பிரிங். பட்டர்ஃப்ளை தண்டில் ஒன்று, லீவரிலோ பெடலிலோ இன்னொன்று என்று இரண்டு இருப்பதற்குக் காரணம், ஒன்று முறிந்தாலும் மற்றது மூட வேண்டும் என்பதே. அமெரிக்காவில் 1973 முதல் நடைமுறையில் உள்ள 124ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி இதைத்தான் கேட்கிறது: மூடுவதற்குக் குறைந்தது இரண்டு தனித்தனி விசைகள், 4,536 கிலோவுக்கு மேற்படாத வாகனத்தில் கால் எடுத்த ஒரு வினாடிக்குள் ஐடிலிங் நிலைக்குத் திரும்ப வேண்டும், கடுங்குளிரில் மட்டும் மூன்று வினாடி. பழைய வண்டியில் இரண்டில் ஒன்று கழன்று விழுந்து யாரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். விழுந்ததை அதே வலுவில் மாட்டுவது சரியான வேலை. இருப்பதற்கு மேல் மூன்றாவதாக ஒன்றை, அதுவும் சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு மாட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பெடல் கனக்கும், நிப்பிள் விரைவில் அறுபடும், ஒரே பக்கம் இழுபடும் தண்டு துளையை நீள்வட்டமாகத் தேய்க்கும். தேய்ந்த பிறகு தகடு சுவரில் முட்டும். ஒட்டலுக்குப் போட்ட ஸ்பிரிங்கே ஒட்டலுக்குக் காரணமாகும்.

பழுதே இல்லாததைப் பழுதென்று நினைப்பதும் உண்டு. சில கார்புரேட்டர்களில் லீவர் கடைசியில் சட்டென மூடாமல் மெல்ல இறங்குவதற்காக ஒரு சிறு டேம்பர் வைத்திருப்பார்கள். ஏசி போட்டால் லீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும் டயாஃப்ரமும் இருக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டிருக்கும்போது ஐடிலிங் உயர்ந்து நிற்பதும் இயல்பு. லீவர் எதில் முட்டி நிற்கிறது என்று பார்த்த பிறகே ஒட்டல் என்று சொல்ல வேண்டும். ஆட்டோமேடிக் கியர் வண்டியில் அதே லீவரில் இரண்டாவதாக ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகும், துருப்பிடித்தது அதுவாகவும் இருக்கலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு அட்ஜஸ்ட்மென்ட். கேபிள் விறைப்பாக நிற்கக் கூடாது. நிறுவனக் கையேட்டில் சொன்ன அளவு தொய்வு இருக்க வேண்டும். கையேடு இல்லையென்றால், என்ஜின் சூடேறி சோக் முழுக்க விலகிய நிலையில், நிப்பிள் லீவரை இழுக்கத் தொடங்கும் முன் சில மில்லிமீட்டர் வெறுமையாக ஆட வேண்டும். பிறகு என்ஜினை நிறுத்தி, ஒருவர் பெடலைத் தரை வரை மிதிக்க, மற்றவர் லீவர் முழுத் திறப்பை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். லீவர் முட்டும் அதே நேரத்தில் பெடலும் தரையில் இருக்கும் ஸ்டாப்பில் முட்ட வேண்டும். லீவர் முன்னமே முட்டிவிட்டால் காலின் பாரமெல்லாம் கேபிளின் மேல் விழும். புதுக் கேபிள் மூன்று மாதத்தில் அறுவதற்கு இதுவே வழக்கமான காரணம். லாக் நட்டுகள் இரண்டையும் எதிரெதிராக இறுக்கி முடியுங்கள்.

சாலையில் இறக்கும் முன் என்ஜின் நின்ற நிலையில் இருபது முறை மிதித்து விடுங்கள். இருபது முறையும் அந்த ‘டக்’ கேட்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் லேசாக ரேஸ் கொடுத்து விட்டால் சத்தம் உடனே இறங்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி பாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒருமுறை. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து லீவரை விரலால் மூன்று மில்லிமீட்டர் திறந்து மெதுவாக விட்டுப் பாருங்கள். அங்கே தயங்காவிட்டால் பாயை அதன் கிளிப்பில் மாட்டிவிட்டு வண்டியை எடுக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்